டீச்சரைக் கேளுங்கள்: எஸ்தோனியாவை ஜூனில் பார்க்காதீர்கள்

எஸ்தோனியாவில் நான் கற்பித்த காலத்தைப் பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை அந்தக் கேள்விகள் மட்டும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். நான் கோலாலம்பூரில், செந்தூல் பக்கம், ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியை. வயது 34. சில ஆண்டுகளாவது வெளிநாட்டில் கற்பிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. தோழிகள் துபாய், சிங்கப்பூர் என்கிறார்கள். எனக்கோ எஸ்தோனியா மேல்தான் கண். பதினைந்து வயது மாணவர்களுக்கான பிசா என்ற பன்னாட்டுத் தேர்வில் ஐரோப்பாவிலேயே முன்னணி நாடு என்று படித்ததிலிருந்து அது மனத்தைவிட்டுப் போகவில்லை. வருகிற ஜூன் பள்ளி விடுமுறையில் பத்து நாள் போய்ப் பார்க்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்? எனக்கு அங்கே வேலை கிடைக்குமா?
— ஓர் ஆசிரியை, செந்தூல்

பதில்: வேலையை உதறிவிட்டுப் போகாமல், முதலில் போய்ப் பார்ப்போம் என்று நினைத்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஜூனில் மட்டும் போகாதீர்கள்.

ஜூன் மாதத்தில் தலைநகர் தாலின் யாரையும் மயக்கிவிடும். இரவு பதினொரு மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கும். பழைய நகரத்துக் கல் பாவிய தெருக்களில் மேசை நாற்காலி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நம் ஜார்ஜ்டவுன் போலவே அதுவும் யுனெஸ்கோ பாரம்பரிய நகரம். 1997-லேயே பட்டியலில் ஏறிவிட்டது. ஜூன் 23 இரவு நடுக்கோடைத் திருநாளுக்காக ஊர் ஊராக நெருப்பு மூட்டிப் பாடுவார்கள். எல்லாம் அழகுதான். ஆனால் பள்ளியில் ஜூன் முதல் வாரங்களில் தேர்வு, பட்டமளிப்பு என்று ஓடிக்கொண்டிருப்பார்கள், அப்புறம் பூட்டிவிடுவார்கள். செப்டம்பர் 1 வரை பிள்ளைகளைப் பார்க்க முடியாது. ஆசிரியராகப் போகிறவருக்குப் பூட்டிய பள்ளியில் பார்க்க என்ன இருக்கிறது?

நவம்பரில் போங்கள். தீபாவளியை வீட்டில் கொண்டாடிவிட்டு, பலகாரம் தீர்வதற்குள் விமானம் ஏறுங்கள். அங்கே அக்டோபர் கடைசியில் வரும் ஒரு வார விடுமுறை முடிந்து, பள்ளி முழு மூச்சாக நடந்துகொண்டிருக்கும். தாலின் 59 டிகிரி வடக்கில் இருக்கிற ஊர். நவம்பர் நடுவில் காலை எட்டு மணிக்குத்தான் விடியும், மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும். டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரத்துக்குச் சுருங்கிவிடும். மழையா பனியா என்று தெரியாத ஒன்று தூறிக்கொண்டே இருக்கும். அந்த மாதத்தில் அந்த ஊரோடு ஒத்துப்போக முடிந்தால் மற்ற மாதங்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். நம்மைப் போல் மலேசிய வெயிலில் வளர்ந்தவர்களுக்குக் குளிர் பெரிய விஷயமில்லை, அதற்குச் சட்டை இருக்கிறது. இருட்டுதான் ஆளை அசைத்துப் பார்க்கும். என்னோடு வேலை பார்த்த வெளிநாட்டவரில் நல்ல ஆசிரியர்கள் சிலர் முதல் குளிர்காலத்தோடு ஊர் திரும்பிவிட்டார்கள். பிள்ளைகள் மேலும் குறையில்லை, சம்பளத்திலும் குறையில்லை. அந்த இருட்டைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சரி, போய் என்ன பார்ப்பது? ஒரு வேலை நாள் காலை ஏழே முக்காலுக்கு ஏதாவது ஒரு சாதாரணப் பள்ளிக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். இன்னும் விடிந்திருக்காது. ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் பலர் தாங்களாகவே நடந்து வருவார்கள். கோட்டின் ஓரத்தில் கயிறு கட்டி ஒரு சின்ன வில்லை தொங்கும். கார் விளக்கு பட்டதும் அது பளிச்சென்று மின்னும். இருட்டில் தெருவில் நடக்கிற எவரும் அப்படி ஒளியைத் திருப்பிக் காட்டும் ஒன்றை அணிய வேண்டும் என்பது அங்கே சட்டம். நீங்களும் போய் இறங்கியதும் முதல் வேலையாக ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

பள்ளிக்குள் போக அனுமதி கிடைத்தால் வகுப்பறைக்கு முன்னால் கோட் மாட்டும் அறையைப் பாருங்கள். முதல் வகுப்புப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து நனைந்த பூட்ஸைக் கழற்றுவார்கள். கையுறை, குல்லா, கழுத்துத் துணி, பனிக்காற்சட்டை என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, தன் பெயர் எழுதிய கொக்கியில் மாட்டி, உள்ளே போடும் காலணிக்கு மாறுவார்கள். ஒரு குழந்தைக்கு ஜிப் சிக்கிக்கொண்டால் ஆசிரியை உடனே குனிந்து கழற்றிவிட மாட்டார். பக்கத்தில் நின்று, "மெல்ல இழு" என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டுக் காத்திருப்பார். குழந்தை தானே கழற்றும். வெளியே ஓடி விளையாடப் போகும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். அந்த நாட்டுக் கல்வியைப் பற்றி எனக்கு முதலில் புரிந்ததே அந்த அறையில்தான். பிள்ளையால் முடியும் என்று அவர்கள் நம்புகிறார்கள், அதற்கு நேரமும் கொடுக்கிறார்கள்.

நீங்கள் சொன்ன பிசா மதிப்பெண்களின் வேர் இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். 2022 தேர்வில் எஸ்தோனியா கணிதத்தில் 510, அறிவியலில் 526. இரண்டிலும் ஐரோப்பாவில் முதலிடம். நம் மலேசியா கணிதத்தில் 409. பிள்ளைகள் ஏழு வயதில்தான் முதல் வகுப்புக்கு வருகிறார்கள். ஒன்பது ஆண்டு அடிப்படைப் பள்ளி. கெட்டிக்காரன், மந்தமானவன் என்று சின்ன வயதிலேயே பிரித்துப்போடுவது அரிது. மதிய உணவு இலவசம். எந்தப் பாடநூல், எந்த முறை என்பதை ஆசிரியரே முடிவு செய்யலாம். 1996-ல் 'புலிப் பாய்ச்சல்' என்ற திட்டத்தை அறிவித்து எல்லாப் பள்ளிகளுக்கும் கணினியும் இணையமும் கொண்டுபோனார்கள். அதே துணிச்சலோடு 2025-ல் உயர்நிலை மாணவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுத் திட்டத்தையும் தொடங்கியிருக்கிறார்கள்.

இனி வேலை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் பணத்தைச் செலவழித்த பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். எஸ்தோனியாவில் ஆசிரியர் பற்றாக்குறை உண்மைதான். பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓ.இ.சி.டி. 2018-ல் நடத்திய ஆய்வில் அங்கிருந்த ஆசிரியர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஐம்பது வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். ஆனால் அரசுப் பள்ளியில், எந்தப் பாடமானாலும், ஆசிரியருக்கு எஸ்தோனிய மொழி சி1 அளவில், அதாவது தடையில்லாமல் பேசி எழுதும் உயர்நிலையில், தெரிந்திருக்க வேண்டும். தேர்வு எழுதிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், அதைச் சரிபார்க்க அரசு அலுவலகமும் இருக்கிறது. பதினான்கு வேற்றுமைகள் உள்ள மொழி அது. மும்முரமாகப் படித்தாலும் சில ஆண்டுகள் பிடிக்கும். ஆக, உங்களுக்கு இப்போது திறந்திருக்கும் வாசல் பன்னாட்டுப் பள்ளிகள்தான். தாலினில் இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆஃப் எஸ்தோனியா, தாலின் ஐரோப்பியப் பள்ளி, தார்த்து நகரில் தார்த்து பன்னாட்டுப் பள்ளி போன்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. நாடே சின்னது. நிலப்பரப்பு பகாங்கைவிடப் பெரியது என்றாலும், மக்கள்தொகை பினாங்கு மாநிலத்தைவிடக் குறைவு. ஓர் ஆண்டில் உங்கள் பாடத்துக்கு ஒரே ஓர் இடம் காலியாகலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். இதைத் தெரிந்துகொண்டே ஆசைப்படுங்கள்.

அதனால்தான் நேரில் போவதற்கு மதிப்பு. நம் ஊரைப் போல் கல்வி அமைச்சு உங்களை ஒரு பள்ளிக்கு அனுப்பி வைக்காது. அங்கே பள்ளித் தலைவரே ஆளைத் தேர்ந்தெடுக்கிறார். செப்டம்பர் கடைசியில், பள்ளி தொடங்கிய பரபரப்பு அடங்கியதும், இந்தப் பள்ளிகளுக்குச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: யார் நீங்கள், என்ன பாடம், எந்தத் தேதிகளில் வருகிறீர்கள், ஒரு மணி நேரம் வகுப்பைப் பார்க்கலாமா. நீளமான புகழுரை வேண்டாம், அவர்களுக்குப் பிடிக்காது. ஒரு பள்ளி 'சரி' சொன்னாலும் போதும். அங்கே போனால் தலைவரிடம் கேட்பதைவிட, தேநீர் அறையில் உட்கார்ந்திருக்கும் இரண்டாம் ஆண்டு வெளிநாட்டு ஆசிரியரிடம் கேளுங்கள்: பிப்ரவரியில் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று. அவர் சொல்லும் பதில் உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

பணம்: அரசுப் பள்ளி ஆசிரியரின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-ல் 1,820 யூரோ, வரிக்கு முன். 2024 ஜனவரியில் ஆசிரியர்கள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தமே செய்தார்கள். பன்னாட்டுப் பள்ளிகள் தங்கள் கணக்குப்படி தருவார்கள். ரிங்கிட்டில் பெருக்கிப் பார்த்து மயங்க வேண்டாம். வாடகைக்கு ஒரு வீட்டைப் போய்ப் பாருங்கள். எடுக்கப் போவதில்லை என்றாலும் பாருங்கள். தாலினில் லாஸ்னமாயே பக்கம் சோவியத் காலத்து அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கும், கலமயா பக்கம் பழைய மரவீடுகள். வாடகைக்கு மேலே தண்ணீர், குப்பை, வெப்பம் எல்லாம் சேர்த்துத் தனி பில் வரும். வீட்டுக்காரரிடம் "ஜனவரி மாத பில்லைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஜூலை பில்லுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உங்களைத் திடுக்கிட வைக்கும். ஒரு நல்ல செய்தி: தாலினில் குடியிருப்பவராகப் பதிந்துகொண்டால் நகரப் பேருந்தும் டிராமும் இலவசம், 2013-லிருந்தே அப்படித்தான்.

ஒரு நாளைத் தார்த்துவுக்கு ஒதுக்குங்கள், ரயிலில் இரண்டு மணி நேரம்தான். பல்கலைக்கழக ஊர், அமைதியானது. தாலின் பிடிக்காதவர்களுக்கும் அது பிடிக்கும். நவம்பர் 9-ஆம் தேதி மாலை அங்கே இருக்க நேர்ந்தால், மார்ட்டின் திருநாளுக்காகப் பிள்ளைகள் வேடம் கட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து பாடுவதைப் பார்க்கலாம். மிட்டாய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலேசியக் கடப்பிதழ் இருந்தால் விசா வேண்டாம். ஷெங்கன் என்ற கூட்டு எல்லைக்குள் இருக்கும் ஐரோப்பிய நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 180 நாளில் 90 நாள் இருக்கலாம். பள்ளியைப் பார்க்கலாம், நேர்காணலுக்கும் போகலாம். வகுப்பெடுத்துச் சம்பளம் வாங்கக் கூடாது. கடப்பிதழ் நீங்கள் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் விரல்ரேகையும் படமும் எடுக்கிறார்கள், பதற வேண்டாம். கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் இல்லை. ஹெல்சிங்கி வரை பறந்து, அங்கிருந்து கப்பலில் இரண்டு மணி நேரத்தில் தாலின் போய்ச் சேரலாம். எனக்குப் பிடித்த வழி அது. வேலை உறுதியாகிற நிலை வந்தால் விஸ்மா புத்ராவில் (வெளியுறவு அமைச்சில்) நன்னடத்தைச் சான்றிதழ் எடுங்கள். உங்கள் பட்டத்தை எஸ்தோனிய எனிக்-நாரிக் மையம் மதிப்பிடும். அரசு ஆசிரியர் என்பதால் வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்அனுமதி வாங்க மறக்காதீர்கள். வேலையை ராஜினாமா செய்யும் பேச்சே இப்போது வேண்டாம்.

கேள்வி: டீச்சரம்மா, என் மகன் கணித ஆசிரியர் படிப்பு முடித்திருக்கிறான். ஐரோப்பாவில் சின்ன நாடு ஒன்றில் கற்பிக்கும் வேலை உறுதி என்று சொல்லி ஒரு முகவர் 8,000 ரிங்கிட் கேட்கிறார். பாதியை இந்த வாரமே கட்டச் சொல்கிறார். கட்டலாமா?
— ஒரு தந்தை, பட்டர்வொர்த்

பதில்: கட்டாதீர்கள் ஐயா. எந்தப் பள்ளி, எந்த ஊர் என்றுகூடச் சொல்லாமல் 'உறுதி' என்பவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். உண்மையாகவே ஆள் தேடும் பள்ளி உங்கள் மகனோடு நேரில் அல்லது காணொலியில் பேசும், வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லும், ஒப்பந்தத்தைப் பள்ளியின் பெயரிலேயே அனுப்பும். பெயர் சொன்னால் அந்தப் பள்ளியின் இணையத்தளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். முகவர் தரும் எண்ணுக்கு வேண்டாம். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. மகனை முதலில் இங்கேயே இரண்டு மூன்று ஆண்டு வகுப்பில் நிற்கச் சொல்லுங்கள். நல்ல பன்னாட்டுப் பள்ளிகள் அனுபவத்தைத்தான் முதலில் கேட்கும்.

கேள்வி: என் மகள் எஸ்தோனியாவுக்கு வேலை தேடிப் போகப் போகிறாளாம். சுத்த சைவம். தனியாக இருப்பாள். சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்? நெய், கறிவேப்பிலை, மிளகாய்த்தூள் எல்லாம் கட்டிக் கொடுக்கலாமா?
— ஓர் அம்மா, ஆயர் ஈத்தாம்

பதில்: அம்மா, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், பருப்புப் பொடி தாராளமாகக் கட்டுங்கள். நெய் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால்பொருளும் இறைச்சியும் பையில் கொண்டுபோகக் கூடாது, பிடித்தால் குப்பையில் போட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள்; காயவைத்துப் பொடித்துக் கொடுங்கள். (சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகக்கூடிய ஐந்து பழங்களில் டுரியானும் ஒன்று என்பது பினாங்குக்காரர்களுக்குச் சந்தோஷமான செய்தி. விமான நிறுவனம் விடாது என்பது வேறு விஷயம்.)

அங்கே அரிசி கிடைக்கும், பருப்பு கிடைக்கும். உருளை, முட்டைக்கோஸ், பீட்ரூட், கேரட் மலிவு. கெஃபிர் என்று ஒன்று எல்லாக் கடையிலும் இருக்கும். நம் புளித்த மோருக்குப் பக்கத்தில் வரும். அதில் மோர்க்குழம்பு வைத்தால் குறையே தெரியாது. ரை என்ற தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டி முதல் வாரம் பிடிக்காது, ஒரு மாதத்தில் இல்லாமல் இருக்க முடியாது. வெளியில் சாப்பிடும்போது மட்டும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், சூப்பில் இறைச்சி இருக்கக்கூடும்.

தனியாக இருப்பதைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கும், அது நியாயம். இரவில் நடமாட நான் பயந்ததில்லை. ஆனால் அந்த ஊர் மக்கள் நம்மைப் போல் வழியில் பார்த்ததும் பேசுகிறவர்கள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தலையசைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். அது வெறுப்பு இல்லை என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பழகிவிட்டால் உயிரைக் கொடுப்பார்கள். அவள் ஏதாவது பாட்டுக் குழுவில் சேரட்டும். அங்கே பாடாத ஊரே கிடையாது. கனமான குளிர்க்கோட்டை இங்கே வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். தாலினில் பழைய துணிக் கடைகளில் நல்ல கோட் மலிவாகக் கிடைக்கும். பூட்ஸ் மட்டும் புதிதாக, வழுக்காததாக வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பினாங்கில் ஆசிரியர் பயிற்சிக் கழக மாணவன் நான். தமிழ்ப்பள்ளிக்குப் போகப் போகிறவன். ஆங்கில ஆசிரியர்களுக்கு மட்டும்தானா எஸ்தோனியா? எனக்கு அங்கே பார்க்க ஏதாவது உண்டா?
— ஒரு பயிற்சி ஆசிரியர், பினாங்கு

பதில்: தம்பி, வேலை என்று கேட்டால் இல்லை. பார்க்க என்று கேட்டால், உங்களுக்குத்தான் மற்ற எல்லாரையும்விட அதிகம் இருக்கிறது.

ஏறத்தாழ பதினோரு லட்சம் பேர் பேசும் மொழி அது. பாலர் பள்ளியிலிருந்து முனைவர் பட்டம்வரை அந்த மொழியிலேயே படிக்கலாம். 1632-ல் தொடங்கிய தார்த்து பல்கலைக்கழகத்தில் எஸ்தோனியம் பயிற்று மொழியானது 1919-ல்தான். அதற்கு முன் வேறு மொழிகளின் ஆட்சி. 1869-ல் முதல் பாட்டுத் திருவிழா நடந்ததும் தார்த்துவில்தான். சோவியத் ஆட்சியிலும் அதை விடாமல் நடத்தினார்கள். 1980-களின் கடைசியில் பாடியே விடுதலை கேட்டார்கள். ஒரு சின்ன மொழி தன் பிள்ளைகளுக்காக எவ்வளவு பாடநூல், எவ்வளவு அகராதி, எவ்வளவு கணினிச் செயலி செய்ய முடியும் என்பதை நேரில் பார்த்தால், 1816-ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர்க்காரரான உங்களுக்கு ரத்தம் சூடாகும். எனக்கு ஆனது.

ஆனால் நார்வாவுக்கும் போய்ப் பாருங்கள். ரஷ்ய எல்லையில் உள்ள ஊர், பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள். 2024 செப்டம்பரிலிருந்து பாலர் பள்ளி, முதல் வகுப்பு, நான்காம் வகுப்பு என்று தொடங்கி, ரஷ்ய வழிப் பள்ளிகள் எல்லாம் படிப்படியாக எஸ்தோனிய வழிக்கு மாறுகின்றன. அந்த நாட்டின் வரலாற்றைப் படித்தால் ஏன் என்று புரியும். அதே சமயம், சிறுபான்மை மொழிப் பள்ளியில் படித்து வளர்ந்தவள் நான். நான்காம் வகுப்பில் திடீரென்று வேறு மொழியில் கணிதம் படிக்கும் பத்து வயதுக் குழந்தையின் முகத்தை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே பார்த்துவிட்டு வாருங்கள். நம் பள்ளிகளைப் பற்றி இங்கே நடக்கும் பேச்சில் அப்போது உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

செலவுக்கு வழி: முதலில் இங்கே வேலையில் சேர்ந்து சேமியுங்கள். தார்த்து பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பத்தில் ஆங்கில வழி முதுகலைப் படிப்பு இருக்கிறது. விண்ணப்பம் வழக்கமாக ஆண்டின் தொடக்கத்தில் திறக்கும். நுழைவுக்கு என்ன கேட்கிறார்கள் என்று இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சான்றிதழ் தேர்வையும் பயிற்சிக் காலத்திலேயே எழுதிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதன் ஆயுள் இரண்டு ஆண்டுதான். விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டு எழுதினால் போதும்.